ஆல்கீன் வினைகளின் வழிமுறையை எழுதும் முறை

போடிநாயக்கனூர், கம்பம் பகுதி மாணவர்களும், எல்லைக்கு அப்பால் பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களிலிருந்து இங்குள்ள கல்லூரிகளுக்கு வரும் தமிழ் மாணவர்களும், கரிம வேதியியலில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் 2-புரோமோபுரோப்பேன் கிடைக்கும் என்று பிழையின்றி எழுதுபவர்கள், 1-புரோமோபுரோப்பேன் ஏன் முதன்மை விளைபொருளாகவில்லை என்று கேட்டால், மார்கோனிகாஃப் விதியின் (இரட்டைப் பிணைப்பில் அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனில்தான் புதிய ஹைட்ரஜன் சேரும் என்பது) பெயரையே விடையாகத் தருகிறார்கள். அந்த விதி 1870-இல் அச்சில் வந்தபோது எலக்ட்ரான் என்ற துகளே கண்டறியப்பட்டிருக்கவில்லை. எனவே விதி சொல்வது கண்ட விளைவை மட்டுமே. காரணத்தை வினைவழிமுறையில்தான் தேட வேண்டும்.

தாளில் முதலில் எலக்ட்ரான்கள் செறிந்துள்ள இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஆல்கீனில் அது பை பிணைப்பு, அதாவது இரட்டைப் பிணைப்பின் வலுக்குறைந்த இரண்டாம் பிணைப்பு. வளைந்த அம்புக்குறி எலக்ட்ரான் இணை இருக்கும் இடத்தில் தொடங்கி, அது சென்றடையும் இடத்தில் முடிய வேண்டும். புரோட்டானிலிருந்து இரட்டைப் பிணைப்பை நோக்கி அம்பு வரைவது திசை மாறிய சிறு பிழையன்று. யார் கொடுப்பவர், யார் பெறுபவர் என்பதே புரியவில்லை என்பதற்கு அது அடையாளம்.

அடுத்து, புரோட்டான் சேரக்கூடிய இரு கார்பன்களுக்கும் தனித்தனியே படம் வரைந்து, கிடைக்கும் இரு கார்பன் நேரயனிகளையும் (நேர்மின்சுமை தாங்கிய கார்பன் கொண்ட அயனிகள்) அருகருகே வையுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. புரோப்பீனில் முனைக் கார்பனில் புரோட்டான் சேர்ந்தால் ஈரிணைய நேரயனியும் (நேர்மின் கார்பனோடு இரு கார்பன்கள் இணைந்தது), நடுக் கார்பனில் சேர்ந்தால் ஓரிணைய நேரயனியும் (ஒரு கார்பன் மட்டும் இணைந்தது) உருவாகும். அண்டையிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளின் எலக்ட்ரான்கள் வெற்று ஆர்பிட்டாலோடு ஓரளவு பகிரப்படுவதால் ஈரிணைய அயனி கூடுதல் நிலைப்புத்தன்மை பெறுகிறது. அதற்கு இட்டுச்செல்லும் பாதையின் கிளர்வு ஆற்றலும் குறைவு. புரோமைடு அயனி இரண்டாவதாக வந்து அங்கே இணைகிறது.

நேரயனியை வரைந்தவுடன் புரோமைடை இணைத்துவிட வேண்டாம். அண்டைக் கார்பனை ஒருமுறை பாருங்கள். 3-மெத்தில்பியூட்-1-ஈனுடன் ஹைட்ரஜன் குளோரைடு சேரும்போது முதலில் ஈரிணைய நேரயனிதான் உருவாகிறது. ஆனால் பக்கத்துக் கார்பனிலுள்ள ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையோடு இடம் மாறினால் அது மூவிணைய நேரயனியாகிவிடும். ஆகவே எதிர்பார்த்த 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேனுடன் 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேனும் கணிசமாகக் கிடைக்கிறது. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இரண்டாவது பொருளைக் காண வழியே இல்லை.

புரோமின் சேரும் வினையில் கதை வேறு. அங்கே திறந்த கார்பன் நேரயனியை வரைந்தால், வளையபென்டீனிலிருந்து ஒருபக்க (இரு புரோமின்களும் வளையத்தின் ஒரே பக்கம்), மறுபக்க (எதிரெதிர்ப் பக்கம்) மாற்றியங்கள் இரண்டும் கிடைக்க வேண்டும். சோதனையில் கிடைப்பதோ மறுபக்க மாற்றியம் மட்டுமே. இதை விளக்க ராபர்ட்ஸ், கிம்பால் இருவரும் 1937-இல் முன்வைத்தது மூன்றணு வளையமான புரோமோனியம் அயனி. புரோமின் இரு கார்பன்களையும் ஒரு பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டிருப்பதால், புரோமைடு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். ஒருபக்க பியூட்-2-ஈன் சுழிமாய்க் கலவையையும் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களின் சமக் கலவை), மறுபக்க பியூட்-2-ஈன் மீசோ சேர்மத்தையும் (தன் கண்ணாடிப் பிம்பத்தோடு ஒன்றிப்போவது) தருவதை நீங்களே மாதிரியுருக்களைக் கையில் வைத்துச் சரிபார்க்கலாம். தாளில் மட்டும் பார்த்தால் இது மனத்தில் பதியாது. வினை இரு படிகளில் நடப்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. உப்புக் கரைசலில் எத்தீனுடன் புரோமினைச் சேர்த்தால் 1-புரோமோ-2-குளோரோஈத்தேனும் உருவாகிறது, 1,2-டைகுளோரோஈத்தேன் உருவாவதில்லை. முதலில் புரோமின் இணைந்து நேரயனி தோன்றிய பிறகே குளோரைடு உள்ளே வருகிறது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

பெராக்சைடு இருந்தால் ஹைட்ரஜன் புரோமைடு தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துகள்) வழியில் சேரும் என்பதை காரஷும் மேயோவும் 1933-இல் காட்டினர். அங்கே முதலில் இணைவது புரோமின் அணு. ஒற்றை எலக்ட்ரானுக்குரிய அரைமுனை அம்புகளைப் பயன்படுத்துங்கள். ஹைட்ரஜன் குளோரைடுக்கு இது பொருந்தாது.

பயிற்சிக்கு, எலுமிச்சை வகைத் தோல் எண்ணெயில் உள்ள, இரு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லிமோனீனை எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். இந்த மலைகளில் விளையும் ஏலக்காயின் எண்ணெயில் மிகுந்திருக்கும் 1,8-சினியோல், ஆல்ஃபா-டெர்ப்பினைல் அசிட்டேட் ஆகிய இரண்டையும் அதன் வழியே அணுகலாம். வளையத்துக்கு வெளியேயுள்ள இரட்டைப் பிணைப்பின் முனைக் கார்பனில் புரோட்டானைச் சேர்த்தால் மூவிணைய நேரயனி கிடைக்கும். அதில் நீர் இணைந்து, ஒரு புரோட்டான் வெளியேறினால் ஆல்ஃபா-டெர்ப்பினியால். அதன் வளைய இரட்டைப் பிணைப்பிலும் புரோட்டானைச் சேர்த்து, மெத்தில் தொகுதி தாங்கிய கார்பனில் நேர்மின்சுமையை அமைத்தபின், அதே மூலக்கூறின் ஆக்சிஜன் அந்தக் கார்பனைத் தாக்கும்படி அம்பு வரையுங்கள். புரோட்டானை நீக்கினால் சினியோலின் ஈதர் பாலம் உருவாகிவிடும். செடியில் இவ்வினைகளை நொதிகள் நடத்துகின்றன, தொடக்கப் பொருளும் வேறு. ஆயினும் இடையில் வரும் டெர்ப்பினைல் நேரயனி நீங்கள் தாளில் வரைந்த அதே அயனிதான்.