தொடர்மாடியில் துணி காயப்போடும்போது செய்யும் பிழைகள்

ஹட்டனில் ஒரு தொடர்மாடிக்காரர்களுக்கு வெளியே துணி காயப்போட அனுமதி கிடைத்திருக்கிறதாம். கொடி கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நுவரெலியாவில் நாங்கள் ஆடிய அதே கூத்து. நன்றாகப் பிழிந்து போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

நாலு பக்கமும் அடைப்பது

மொட்டை மாடியில் கொடி கட்டச் சம்மதம் வாங்கவே எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. கிடைத்த சந்தோஷத்தில், மழைக்குப் பயந்து மேலே தகடு, சுற்றிவரத் தடித்த பொலித்தீன் என்று ஒரு கூண்டே கட்டிவிட்டோம். செலவு எல்லா வீட்டுக்கும், யோசனை என்னுடையது. ஜூலை மழையில் மூன்றாம் நாளும் துணி ஈரம். தகட்டின் அடியில் நீர் கோத்து, பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் சொட்டியது. கொலரெல்லாம் பூஞ்சணம்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, கொழுந்த சாக்குல கட்டி வச்சா வாடுமா?" என்றார். அங்கே கொழுந்தைப் பரப்பிப்போட்டு, விசிறி வைத்துக் காற்று விட்டுத்தான் வாட்டுவார்கள். ஐந்து கிலோ துணி, மிசினில் சுற்றி எடுத்த பிறகும் இரண்டரை, மூன்று லீற்றர் தண்ணீரை வைத்திருக்கும். காற்று அதை அள்ளிக்கொண்டு போகாவிட்டால் கூண்டுக்குள்ளேயே கிடக்கும்.

பொலித்தீனைக் கிழித்து, கூரையை இரண்டடி வெளியே நீட்டினோம். மழை நாளிலும் காய்ந்தது. ஆனால் அதற்குள் பாதிப் பேர் ட்ரையர் வாங்கிவிட்டார்கள். சாதாரண ட்ரையரில் ஒரு லீற்றரை ஆவியாக்கவே ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட் போகும். இங்கே யூனிட் கூடக்கூட அதன் விலையும் ஏறும். "அப்பவே சொன்னேனே" என்று எங்கள் தொடர்மாடிக் குழுவில் ஒருவர் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

அறைக்குள் ஹீட்டர் போட்டுக் காயவைப்பது

வேண்டாம். கரண்டும் போகும், சுவரும் ஊறும்.

ஊர் மாறியும் பழைய பருவக் கணக்கு

பண்டாரவளையிலிருந்து குடிவந்த ஒரு அக்கா ஜூலையில் கம்பளிகளை ஊறப்போட்டார். அவர் ஊரில் அது மழை குறைந்த காலம், சரிதான். நுவரெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. கனத்த துணியை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள்.

பல்கனிக் கம்பியில் தொங்கவிடுவது

கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டினால் அடுத்த கூட்டத்தில் அனுமதியே போய்விடும்.

மூன்று மணிக்குப் பிறகும் விட்டுவைப்பது

மூடுபனி இறங்கினால் காய்ந்ததும் நமத்துவிடும். என் வீட்டில் இது இன்னமும் நடக்கிறது.