இரண்டாம் மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதுவது எப்படி?

ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரைக் கோப்பில் முதலில் உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்; அதைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களுக்கு யார் எழுதியது என்று தெரியக்கூடாது. தலைப்புக்குக் கீழே மட்டும் அல்ல, வேர்டு கோப்பின் விவரங்களுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். 'என் முந்தைய கட்டுரையில்' என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். நான் ஒருமுறை நன்றியுரையில் என் ஆய்வு நெறியாளர் பெயரை அப்படியே விட்டுவிட்டேன். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க அது போதாதா!

பதிப்பாசிரியர் முதலில் பார்ப்பார். இதழின் துறைக்குப் பொருந்தாவிட்டால் அங்கேயே திரும்பிவிடும். பொருந்தினால் பெரும்பாலும் இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் போகும். அவர்களுக்கு வழக்கமாக ஊதியம் கிடையாது, அதனால் மாதக்கணக்கில் ஆகும்.

என் குறுந்தொகைக் கட்டுரைக்கு முதலாமவர் நாலே வரியில் சரி என்றுவிட்டார். இரண்டாமவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். 1937இல் வந்த உ.வே.சா. பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பாடவேறுபாடு (பதிப்புக்குப் பதிப்பு பாட்டின் சொற்கள் மாறுவது) பேசலாமா, 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்தது எங்கே என்று கேட்டார். எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது நியாயமாகத்தான் பட்டது.

பதிலை அட்டவணையாகப் போடுங்கள்: ஒரு பக்கம் அவர் கருத்து, மறுபக்கம் நீங்கள் செய்த மாற்றம், பக்க எண்ணோடு. ஏற்காததற்குக் காரணம் எழுதுங்கள், சத்தமில்லாமல் தாண்டிப் போகாதீர்கள். இருவரும் எதிரெதிராகச் சொன்னால் பதிப்பாசிரியரையே கேட்டுவிடலாம். முடிவு அவருடையதுதான்.