எண்ணெய்க் கறையும் நம்ம அவசரமும்

சிங்கப்பூர் தேக்காவுல வாழை இலைச் சாப்பாடு, மீன் தலைக் கறி ஒரு சொட்டு வெள்ளைச் சட்டையில விழுது, உடனே நாம கைகழுவுற இடத்துக்கு ஓடிப்போய் தண்ணியப் போட்டு பரபரன்னு தேய்ப்போம். முதல் தப்பே அதுதான். பருத்தி தண்ணிய நல்லா குடிக்கும், நூல் நனைஞ்சப்புறம் சோப்பு போட்டா அது நீர்த்துப்போய் எண்ணெயப் பிடிக்காது, தேய்க்கிற தேய்ப்புல கறை இன்னும் அகலமாகும். டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு சாப்பாட்டைப் பாருங்க. வீட்டுக்கு வந்து, துணி காஞ்சிருக்கும்போதே பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு கால் மணி நேரம் ஊறவிடுங்க. அத அலசிட்டுதான் மெஷின்ல போடணும், இல்லன்னா உள்ள நுரை பொங்கிடும் (நான் ஒருதடவ பட்டுட்டேன்).

சோப்பு பட்டதும் கறை சிவப்பாயிடும், அதப் பாத்துட்டு ப்ளீச் ஊத்தறவங்க நிறைய. கறியில இருக்கிற மஞ்சள்ல சோப்போட காரம் (மிளகாய்க் காரம் இல்ல, அல்கலி) பட்டா சிவக்கும், சுண்ணாம்பு சேர்த்துதானே குங்குமமே செய்றாங்க. அலசினா அந்தச் சிவப்பு போயிடும், மிச்ச மஞ்சள் வெயில்லயே வெளுத்துடும். ப்ளீச் நிறத்ததான் எடுக்கும், எண்ணெய எடுக்காது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலயே உருகிடும், நம்ம ஊரு பைப் தண்ணியே போதும். ஆட்டுக்கொழுப்பு அப்படி இல்ல, 50 டிகிரி பக்கம் வேணும். அதுக்காக கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, டிடர்ஜென்ட்ல கொழுப்ப உடைக்கிற என்சைம் இருந்தா அது செத்துடும்.

பெரிய தப்பு, கறை போச்சான்னு பாக்காமலேயே ட்ரையர்ல போடறது, இல்ல அயர்ன் பண்றது. ஈரத்துணியில எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. ஃபேன் காத்துல காயவிட்டுப் பாருங்க, திட்டு தெரிஞ்சா திரும்ப லிக்விட். சூடு பட்டா நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் பிசினாட்டம் இறுகிடும், அப்புறம் எடுக்கறது ரொம்பக் கஷ்டம். அதோட, எண்ணெய் சரியா போகாத மசாஜ் டவல், அடுப்படித் துணி எல்லாத்தையும் ட்ரையர்ல சுத்தவிட்டு சூடோட அப்படியே குவிச்சு வச்சா தானாவே தீப்பிடிக்கலாம், நிஜமாத்தான் சொல்றேன். மழைக்காலத்துல மூங்கில் கழியில காயமாட்டேங்குதுன்னு ட்ரையர்ல போடறவங்க இத கவனிங்க.

சாஃப்ட்னரும் டவலுக்கு வேணாம், அதுவே ஒரு கொழுப்புப் பூச்சு மாதிரிதான்.