கார் ஷெட் தரை: கான்கிரீட்டுக்குக் கீழே நடக்கும் தவறுகள்

கொளத்தூரில் எங்கள் வீட்டு கார் ஷெட் தரை இரண்டாவது மழைக்காலத்திலேயே ஒரு மூலையில் விரிசல் விட்டுவிட்டது. சிமெண்ட் சரியில்லை என்றார் ஒருவர். கம்பி போதாது என்றார் இன்னொருவர். சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தேன். நடுவில் கெட்டியாக ஒலித்தது, மூலையில் காலிப் பானையைத் தட்டியது மாதிரி. உடைத்தால், கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதற்குக் கீழே டைல்ஸ் துண்டு, சிமெண்ட் சாக்கு, தேங்காய் மட்டை.

வடசென்னையில் இது ரொம்ப சகஜம். ரோடு மேல் ரோடு போட்டு வீடு பள்ளத்தில் போய்விடுகிறது, தரையை ஒன்றரை இரண்டு அடி தூக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு ஆழத்தை நிரப்ப மலிவாகக் கிடைப்பது இடிபாடு. வெறும் செங்கல் உடைசல் என்றால் சமாளிக்கலாம். மட்டையும் மரத்துண்டும் கலந்திருந்தால் அவை மக்க மக்க மேலே கான்கிரீட் அந்தரத்தில் நிற்கும். கிராவல் மண் வாங்குங்கள். லோடு இறங்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடுத்தது, மேஸ்திரிகள் சொல்லும் "தண்ணி கட்டி விட்டா தானா அமுங்கிடும் சார்." இரண்டடி மண்ணை ஒரே மூச்சில் கொட்டி, ஒருநாள் தண்ணீர் விட்டு, மறுநாள் ஜல்லி பரப்பச் சொல்வார்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோர மணலில் இது ஓரளவு பலிக்கும், தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும் என்பதால். ஏரியும் வயலுமாக இருந்த கொளத்தூர், மாதவரம் பக்கத்துக் களிமண்ணில் பலிக்காது. களிமண் தண்ணீரைப் பிடித்து உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலடுக்குக் களியை ஓர் அடியாவது வெட்டி எடுத்துவிட்டு கிராவல் போடுவதே நல்லது. ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை பிளேட் காம்பாக்டர் (மண்ணை அதிர்ந்து இடித்துக் கெட்டிக்கும் மெஷின்) ஓட்டுங்கள், வாடகைக்குக் கிடைக்கும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள்: உருண்டை நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும். கையில் தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம், ஒருநாள் காயவிடுங்கள். சுவரோரத்திலும், பைப் புதைத்த பள்ளத்திலும் மெஷின் போகாது. அங்கே கையால் திமுசுக்கட்டை போட்டு இடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இறங்கிய மூலையும் அப்படி விட்டுப்போன இடம்தான்.

பழைய வீடு என்றால் செப்டிக் டேங்க் எங்கே இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு வந்ததும் ஸ்லாப் போட்டு மூடி, அப்படியே மறந்துபோன தொட்டிகள் நிறைய. அதன்மேல் காரை நிறுத்துவது விளையாட்டல்ல. லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, மூடியை உடைத்து, மணல் நிரப்ப வேண்டும். ஆளை உள்ளே இறக்கவே கூடாது: விஷவாயு உயிரைக் குடிக்கும், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

தண்ணீர் வடியும் வாட்டத்தைக் கான்கிரீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் ஒரு பக்கம் நாலு அங்குலம், இன்னொரு பக்கம் இரண்டு அங்குலம் என்று கனம் குறைந்துபோகும். பதினெட்டு அடி நீளத்துக்கு கேட் பக்கம் இரண்டு அங்குலம் இறக்கத்தை மண்ணிலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

கீழிருந்து ஈரம் ஏறாமல் தடுக்கும் பாலித்தீன் ஷீட்டை கூரான ஜல்லிமேல் நேராக விரித்தால் மேஸ்திரி நடக்கும்போதே கிழிந்துவிடும். மேலே ஓர் அங்குலம் குவாரி டஸ்ட் பரப்பி, பிறகு 250 மைக்ரான் ஷீட். ஒட்டு வரும் இடத்தில் அரை அடி ஏற்றிப் போடுங்கள். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தெருக்களில் இந்தச் செலவைக் குறைக்காதீர்கள், குறைத்தால் தரை எப்போதும் ஓதம் காத்துக்கொண்டே இருக்கும்.

ஷீட் விரிப்பதற்கு முன் ஒரு வேலை. கெட்டித்த மண்மேல் உங்கள் காரையே மெதுவாக ஏற்றி இறக்குங்கள். டயர் தடம் எங்கே அமுங்குகிறதோ அங்கே சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அந்த இடத்தை மட்டும் தோண்டி மறுபடி இடிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார். எங்கள் வீட்டில் தரையை இரண்டாம் தடவை போட்டபோது மூன்று வட்டம் வந்தது.