கண்ணுக்குள் இரத்தக் கசிவால் வரும் கிளாக்கோமா: அறுவை சிகிச்சையை எப்போது ஏற்பது, அதில் என்ன செய்கிறார்கள்

அடிபட்ட கண்ணின் முன்னறையில், அதாவது கருவிழிக்கும் (கண்ணின் முன்புறத்து ஒளி ஊடுருவும் படலம்) ஐரிஸுக்கும் (அதன் பின்னுள்ள நிறத்திரை) இடையில், தேங்கும் இரத்தம் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். சிவப்பணுக்கள் கண்நீர் (கண்ணீர் அன்று, கண்ணுக்குள் ஊறும் திரவம்) வடியும் சல்லடைத் திசுவை அடைத்துக்கொண்டால்தான் சிக்கல். வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும் கண்ணழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சிதைக்கத் தொடங்கும். இதுவே கிளாக்கோமா.

முதலில் சொட்டு மருந்துகளும், தலையை உயர்த்திவைத்த ஓய்வும்தான். இக்காலத்தில் ஒவ்வொரு பரிசோதனையின் அழுத்த அளவையும் தேதியுடன் குறித்து வையுங்கள். ஏனெனில் முடிவைத் தீர்மானிப்பது எண் மட்டுமன்று, அது நீடிக்கும் நாட்களும்தான். மருந்துக்குப் பிறகும் 50 என்ற அளவு 5 நாட்களோ, 35 என்ற அளவு 7 நாட்களோ நீடித்தால் அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பார்கள். கருவிழியில் இரத்தக்கறை படியத் தொடங்கினால் அவ்வளவு காத்திருப்பதில்லை. அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோய்) உள்ளவர்களுக்கு 24 என்ற அளவு ஒரு நாள் நீடித்தாலே ஆபத்து என்பதால், அந்நோயையும், உட்கொள்ளும் இரத்தம் உறையா மருந்துகளையும் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள். ஆஸ்பிரினை வலிக்காக நீங்களாக எடுக்க வேண்டாம்.

பெரும்பாலும் செய்யப்படுவது முன்னறையைக் கழுவுதல். கருவிழியின் ஓரத்தில் சிறு துளைகள் இட்டு, ஒன்றின் வழியே உப்புக் கரைசலைச் செலுத்தி, மற்றொன்றின் வழியே இரத்தத்தை வெளியேற்றுவார்கள். உறைந்த இரத்தக் கட்டியை முழுமையாக எடுத்தாக வேண்டும் என்று நோயாளிகள் நினைப்பதுண்டு. ஆனால் ஐரிஸில் ஒட்டிய பகுதியை இழுத்தால் மீண்டும் கசியும் என்பதால், அனுபவமுள்ளவர் அதை விட்டுவிடுவதே முறை. கட்டி சுருங்கி விலகத் தொடங்கும் நான்காம் நாளையொட்டிச் செய்வது எளிது, அழுத்தம் அதுவரை பொறுக்குமானால். கழுவியும் அழுத்தம் இறங்காவிட்டால், கண்நீருக்குப் புதுவழி அமைக்கும் டிராபெகுலெக்டமி தேவைப்படலாம்.

இரத்தம் கண்ணின் பின்பகுதியிலுள்ள விட்ரியஸ் என்னும் கூழில் கசிந்திருந்தால் கதை வேறு. ஹீமோகுளோபினை இழந்து விறைத்த அணுக்கள் சில வாரங்களுக்குப் பின் முன்னறைக்கு வந்து அடைக்கின்றன. இங்கே கழுவுதல் மட்டும் பல நேரம் போதாது, அவற்றின் இருப்பிடமான அந்தக் கூழையே விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை மூலம் அகற்ற வேண்டியிருக்கும்.

சிகிச்சைக்குப் பின் கண்ணைத் தேய்ப்பதும், குனிந்து பளு தூக்குவதும் கூடாது. வலியோ மங்கலோ திடீரெனக் கூடினால் அன்றே காட்டுங்கள். அடியால் வடிகோணம் (கண்நீர் வடியும், கருவிழியும் ஐரிஸும் சேரும் மூலை) கிழிந்திருந்தால் பல ஆண்டுகள் கழித்தும் அழுத்தம் ஏறக்கூடும். ஆகவே கண் ஆறியபின் அந்தக் கோணத்தைச் சிறப்பு லென்ஸ் வழியே பார்க்கும் கோனியோஸ்கோபி செய்துகொண்டு, ஆண்டுதோறும் அழுத்தத்தை அளந்து வர வேண்டும்.