குமரி மாவட்ட மாடித்தோட்டத்துக்கு எந்த உருளைக்கிழங்கு இரகம்?

பை, மண் கலவை, உரம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்டு, விதைக்கு மட்டும் சமையலறைக் கூடையில் முளைவிட்டுக் கிடக்கும் கிழங்கை எடுத்து நடுவது மாடித்தோட்டக்காரர்களிடையே பரவலான வழக்கம். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ அப்படி நட்டாலும் ஓரளவு கிழங்கு கிடைத்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பாலும் செழித்த இலையும் தண்டும் மட்டுமே மிஞ்சும். அதற்குக் காரணம் உரக்குறைவு அன்று, இரவு நேர வெப்பம்.

உருளைக்கிழங்குச் செடியில் மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. பொதுவான இரகங்களில் இது ஒழுங்காக நடக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போகப் போக, செடி தன் உணவைக் கிழங்குக்கு அனுப்பாமல் தண்டையும் இலையையும் வளர்ப்பதில் செலவிட்டுவிடும். நாகர்கோவிலில் மார்கழி, தை மாதங்களில்கூட இரவு வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கொளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கடல் அருகிலேயே இருப்பதால் இரவு இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று மலையடிவாரத்தை நெருங்க நெருங்கச் சற்றுக் குளிர்ச்சி கிடைக்கும். ஆகவே இரகத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், ஒரு சாதாரண வெப்பமானியை மொட்டை மாடியில் வைத்து, மார்கழியில் சில நாள்கள் அதிகாலையில் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது. அக்காலத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: பகல் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருப்பதால், அந்தக் குறும்பகல் கிழங்கு பிடிப்பதைத் தூண்டுகிறது.

இந்த நிலையில் முதலில் தேட வேண்டிய இரகம் குஃப்ரி சூர்யா. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் இரகங்கள், அருகிலுள்ள குஃப்ரி என்னும் மலையூரின் பெயரையே முன்னொட்டாகக் கொண்டவை. அவற்றுள் சூர்யா, வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது. இரவு வெப்பம் 20 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலும் கிழங்கு வைக்கும் திறன் அதற்கு உண்டு. வெள்ளைத் தோலும் நீளவாட்டமான வடிவமும் கொண்ட கிழங்கு. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதால் இலையோரம் கருகும் பாதிப்பையும் அது ஓரளவு தாங்குகிறது. இலைக்கருகல் நோய்க்கு மட்டும் அதில் எதிர்ப்பு இல்லை. குளிர்ந்த ஈரமான மலைப்பகுதியில் நடுவோர் அதை நினைவில் வைக்க வேண்டும். குஃப்ரி லிமா, குஃப்ரி கிரண் ஆகியவையும் வெப்பம் தாங்கும் இரகங்களே. ஆனால் சில்லறையில் அவற்றின் விதைக்கிழங்கு கைக்கு வருவது அரிது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வயது. வடகிழக்குப் பருவமழையின் கனம் குறையத் தொடங்கும் கார்த்திகையின் தொடக்கத்தில் நட்டால், ஏறத்தாழ 30 முதல் 40 நாள்களில், அதாவது மார்கழிக் குளிரில், கிழங்கு பிடிக்கத் தொடங்கும். 80 அல்லது 90 நாள் இரகமானால் மாசி வெயில் ஏறுமுன் அறுவடை முடிந்துவிடும். குஃப்ரி புக்ராஜ், குஃப்ரி சந்திரமுகி ஆகியவை இந்தக் கணக்குக்குள் அடங்கும் குறுகிய கால இரகங்கள்; சூர்யா கிடைக்காதபோது, மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இவற்றை முயன்று பார்க்கலாம், கடலோரத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். குஃப்ரி சிந்தூரி போன்ற நீண்ட கால இரகங்கள் 110 நாளைத் தாண்டுபவை. அவற்றின் கிழங்கு பருக்க வேண்டிய வாரங்கள் நம் ஊரில் மாசி வெயிலில் போய் விழும்.

உயரமான பீப்பாயில் செடி வளர வளர மண்ணை ஏற்றிக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வைக்கும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். தொடர்ந்து ஓடுதண்டு விட்டுக்கொண்டிருக்கும் நீண்ட கால இரகங்களுக்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்தலாம். குறுகிய கால இரகங்கள் விதைக்கிழங்குக்குச் சற்று மேலே உள்ள மண்ணிலேயே ஏறத்தாழ ஒரே சமயத்தில் கிழங்கு வைத்து முடித்துவிடுபவை; அவற்றுக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள பை தாராளமாகப் போதும். வெயிலில் கிழங்கு பச்சை நிறமாகாமல் இருக்க ஒருமுறை மண் அணைத்தாலே சரி. ஆழத்தைவிடப் பையின் நிறத்தில்தான் கவனம் வேண்டும். கறுப்புப் பை மதிய வெயிலில் சூடேறி வேர்ப்பகுதியை வேக வைத்துவிடும். வெள்ளைப் பையோ பழைய அரிசிச் சாக்கோ மேல். எதுவாயினும் சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காமல், செங்கல் மேல் தூக்கி வைத்து, மேற்பரப்பில் தென்னை நாரோ காய்ந்த இலையோ பரப்ப வேண்டும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் காற்று பையை விரைவில் உலர்த்திவிடும் என்பதால் அங்கே இந்த மூடாக்கு இன்னும் அவசியம்.

விதைக்கிழங்கு 30 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்காக இருக்க வேண்டும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த நம் மண்ணில் வெட்டி நட்ட துண்டு எளிதில் அழுகும். நல்ல முளை குட்டையாக, தடித்து, பச்சையோ ஊதாவோ கலந்த நிறத்தில், கிழங்கோடு இறுகப் பிடித்திருக்கும். விரலால் தடவினால் அசையாது. இருட்டுக் கூடையில் வெளுத்து நீண்ட முளை தொட்டாலே ஒடியும். சந்தைக் கிழங்கில் இன்ன இரகம் என்று யாருக்கும் தெரியாது என்பது போக, முளைப்பைத் தடுக்கும் மருந்து பட்டதாகவும் இருக்கலாம். நீலகிரிக் கிழங்கைத் தோலில் ஒட்டிய மண்ணோடு நடுவது வேறு ஆபத்து. அங்கே பரவியுள்ள, வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு அந்த மண்ணில் வந்து சேரக்கூடும். வட மாநிலச் சூர்யா விதைக்கிழங்கு குளிர்பதனக் கிடங்கிலிருந்து ஐப்பசி வாக்கில் வெளிவரும். பெரும்பாலும் 50 கிலோ மூட்டையாகவே விற்பதால், நாலைந்து மாடித்தோட்டக்காரர்கள் கூட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. எந்த இரகமானாலும், முன்பு தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ந்த மண்ணை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. வாடல் நோய்க் கிருமி அதில் தங்கியிருக்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு பைக்கு அரைக் கிலோ தேறினால் நம் மாவட்டத்துக்கு அது நல்ல விளைச்சல் என்றே கொள்ள வேண்டும். வெப்பமானி மார்கழி அதிகாலையிலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்காத வீடுகளில், அதே பையில் உருளைக்கிழங்குக்குப் பதிலாகச் சிறுகிழங்கு என்னும் வேறு பயிரை வைப்பது புத்திசாலித்தனம். வெப்பம் அதற்குப் பழகியது; ஆனி, ஆடியில் கொடி நுனியை வெட்டி நட்டால் ஏறத்தாழ ஐந்து மாதத்தில், பொங்கலுக்கு முன்பே கிழங்கு தயாராகிவிடும். திருவனந்தபுரம் சிறீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீதாரா என்ற சிறுகிழங்கு இரகம், அந்த நிலையம் நமக்கு அருகிலேயே இருப்பதால், தேடிப் பெறுவதற்குக் கடினமானதன்று.

உருளைக்கிழங்கில் இந்த ஆண்டு விளைந்ததையே அடுத்த ஆண்டு விதையாக்கும் எண்ணம் வேண்டாம். மாசியில் தோண்டிய கிழங்கைக் கார்த்திகை வரை, சித்திரை வெயிலையும் ஆடி ஈரத்தையும் கடந்து, வீட்டில் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அசுவினி பரப்பும் நச்சுயிரியும் அதற்குள் ஏறியிருக்கும். தோண்டியதைச் சமைத்துவிட்டு, ஐப்பசியில் புதிய விதைக்கிழங்கை வாங்கிக்கொள்ளலாம்.