மங்கு மறையவில்லையா? முதலில் நிறுத்த வேண்டியவை

இரண்டு கன்னத்திலும் பழுப்பாகப் படர்ந்து, சிலருக்கு நெற்றியிலும் மேலுதட்டிலும் விழுகிற திட்டைத்தான் மங்கு என்கிறோம். மருத்துவர்கள் மெலாஸ்மா என்பார்கள். அது அழுக்கும் இல்லை, செத்த தோலும் இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினைச் சுரக்கிற செல்கள் அந்த இடத்தில் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. வெயில், சூடு, ஹார்மோன் மாற்றம், உரசல், எரிச்சல் என எது தூண்டினாலும் திட்டு இன்னும் கறுக்கும்.

அதனால்தான் தேய்க்கக் கூடாது. பீர்க்கங்காய் நார், சர்க்கரை ஸ்க்ரப், பார்லர் ப்ளீச் எல்லாமே எரிச்சல்தான். எலுமிச்சை இன்னும் மோசம். சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளமாகி, ஆறின பிறகு புதிதாக ஒரு கறுப்பு நிற்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு மருந்துக்கடையில் நடக்கிறது. “மங்குக்கு ஒரு கிரீம் குடுங்க” என்று கேட்டதும் கைக்கு வருகிற அந்தச் சின்ன ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோல் செல்களைச் சீக்கிரம் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் அல்லது ஃப்ளூசினோலோன் என்று இருக்கும். கடைசியாகச் சொன்ன இரண்டும் ஸ்டீராய்டு, அதாவது தோலின் அழற்சியை அடக்கும் மருந்து. இந்தக் கூட்டு மருந்து தப்பானது அல்ல. தோல் மருத்துவர்கள் 1975 முதல் இதன் வெவ்வேறு வடிவங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் சில வாரங்களுக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள், இரவில் மட்டும் பூசச் சொல்வார்கள், இடையில் வரச்சொல்லி முகத்தைப் பார்ப்பார்கள். நாமோ சீக்கிரமே முகம் பளிச்சென்று ஆனதும் அதையே ஃபேஸ் கிரீமாக்கி, தங்கைக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிவிடுகிறோம்.

மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் மாதிரி தெரியத் தொடங்கும். பரு கிளம்பும், கன்னத்தில் முடி வளரும். விட்டுவிடலாம் என்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், மங்கும் திரும்பி வரும். அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே ட்யூபை எடுப்பவர்கள்தான் அதிகம். ஏற்கெனவே பல மாதம் பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், தோல் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாக விடுங்கள். ஹைட்ரோகுவினோனையும் வருடக்கணக்கில் விடாமல் பூசினால், நீலம் கலந்த கறுப்பாக, எளிதில் போகாத இன்னொரு கறை விழலாம்.

2018-ல் பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. இன்றும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. லேபிளே இல்லாத டப்பா கிரீம் அதைவிட ஆபத்து. 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் சிவப்பழகு கிரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. காரணம் கிரீமில் இருந்த பாதரசம்.

சரி, என்னதான் பூசுவது? எந்த மருந்து என்றாலும் சன்ஸ்கிரீன் இல்லாமல் வீண். அதையும் பலர் பட்டாணி அளவு தொட்டுக்கொள்கிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டு எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் புற ஊதா ஏ கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். நம் மாநிறத் தோலை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கறுக்க வைக்கும். வெறும் சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கிற டின்டட் வகை தடுக்கும். அடுப்புச் சூடும் சிலருக்கு மங்கைக் கூட்டும். சன்ஸ்கிரீனால் அதற்குப் பயனில்லை, கொஞ்சம் தள்ளி நின்று சமைப்பதுதான் வழி.

எல்லாக் கறுப்பும் மங்கு இல்லை என்பதையும் யோசியுங்கள். பின்கழுத்தும் சேர்ந்து தடித்துக் கறுத்தால் அது இன்சுலின் எதிர்ப்பின், அதாவது உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம், சர்க்கரை அளவைப் பாருங்கள். நெற்றியோரமும் காதோரமும் கறுத்தால் தலைச்சாயத்தைச் சந்தேகப்படுங்கள். காரணத்தை விட்டுவிட்டுக் கிரீம் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

கர்ப்ப காலத்தில் வரும் மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாக மங்கும். கர்ப்பமாக இருக்கும்போது ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுவினோனும் வேண்டாம். அசலெயிக் அமிலம் போன்றவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பூசலாம். மங்குக்குச் சில மருத்துவர்கள் எழுதித் தரும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையைத் தோழி சாப்பிட்டாள் என்று நீங்களும் வாங்காதீர்கள். ரத்தம் உறையும் பிரச்சினை இருப்பவர்களுக்கு அது ஆபத்து.

சரியான மருந்துக்கும் வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பதினைந்து நாளில் கைவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய ட்யூப், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பேர் தெரியாத டப்பாவைக் கட்டாயம் காட்டுங்கள்.